கனமில்லாத கேன்

1

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகன் கெவின் சமையலறையில் நின்று காலி பாட்டில்களை எடை போட்டுக்கொண்டிருந்தான். கேக் மாவு நிறுக்க என் மனைவி வைத்திருக்கும் சின்னத் தராசு அது. அதன் மேல் ஒரு பாட்டிலை வைப்பான், எண்ணைப் பார்ப்பான், போனில் குறித்துக்கொள்வான், அடுத்ததை வைப்பான்.

இங்கே கால்கரியில் கோடை என்பது இரண்டரை மாதம். அதற்குள் மலைக்குப் போகாதவன் மனிதனே இல்லை என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைப்பு. நான்கு நாள் நடை. கூடாரம், படுக்கை, அடுப்பு, அரிசி எல்லாம் முதுகில். அதனால் பைக்குள் போகும் ஒவ்வொரு சாமானையும் கிராம் கணக்கில் பார்க்கிறார்கள். கெவின் பல் தேய்க்கும் பிரஷின் காம்பைப் பாதியாக வெட்டியிருந்தான். அதைப் பார்த்து நான் முந்தின வாரம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அன்றைக்கு எடை போட்டது சரக்குக்கு. மலை ஏறி முடித்ததும் நண்பர்கள் நாலு பேரும் ஆளுக்கு இரண்டு மடக்கு வோட்கா குடிப்பதாக ஏற்பாடு. எதில் எடுத்துப்போவது என்பதில் ஒரு வாரமாக ஆராய்ச்சி. கண்ணாடி பாட்டில் முதல் சுற்றிலேயே அவுட். எவர்சில்வர் பிளாஸ்க் பார்க்க லட்சணம், ஆனால் கனம். டைட்டானியத்தில் ஒன்று இருக்கிறதாம், கையில் வைத்தால் வைத்ததே தெரியாதாம், விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். மடிக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஊற்றினால் ரப்பர் வாடை ஏறுகிறதாம். கடைசியில் ஜெயித்தது கடையில் தண்ணீர் விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில். குடித்து முடித்ததும் கசக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னான்.

குடிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வயது, இந்த மாகாணத்தில் சட்டப்படி குடிக்கலாம். அப்பனிடம் மறைக்காமல் செய்கிறான், அதுவே பெரிது என்று காபி போடத் திரும்பினேன். அப்போதுதான் மேஜையின் ஓரத்தில் நிரப்பி வைத்திருந்த இரண்டு பாட்டில்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டிலும் தண்ணீர் மாதிரித் தெளிவாக ஏதோ. ஒன்றில் மட்டும் விரல் அகலத்துக்கு நீல டேப் ஒட்டியிருந்தது.

டேப் எதற்கு என்று கேட்டேன். அது அடுப்புக்கு என்றான். அவர்கள் எடுத்துப்போகும் தகர அடுப்பு ஸ்பிரிட்டில் எரிவது. ஸ்பிரிட் வந்த டின் கனமாக இருந்ததாம், அதனால் அதையும் தண்ணீர் பாட்டிலில் மாற்றிவிட்டான். டின் எங்கே என்றேன். குப்பைத் தொட்டியைக் காட்டினான். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மண்டை ஓடும் எலும்பும் போட்டு, கீழே மெத்தனால் என்று எழுதியிருந்தது.

2

கெவினின் அம்மா ரோஸ்லின் திருச்சிக்காரி. வீட்டில் பிள்ளையிடம் நல்ல தமிழ்தான் பேச வேண்டும் என்று அவள் போட்ட சட்டம் இன்றுவரை அமலில் இருக்கிறது. என் திருவொற்றியூர்த் தமிழ் கல்யாணமான புதிதிலேயே வாசலோடு நின்றுவிட்டது. இங்கே தமிழ்க்காரர்கள் கூடிப் பொங்கல் விழா நடத்துவோம், நாடகம் போடுவோம். அதில் குடிகாரன் வந்தாலும் ரவுடி வந்தாலும் என் ஊர்ப் பேச்சுதான் பேசுவான், சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் கூட உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்றைக்கு என் வாயில் வந்தது அந்தப் பேச்சுதான்.

"இன்னாடா பண்ணி வெச்சிகினு கீற? சாவறதுக்கா மலைக்குப் போற?"

அவன் சிரித்தான். அப்பா நாடகத்து வேஷம் கட்டுகிறார் என்று நினைத்துவிட்டான். பத்தொன்பது வருஷம் வளர்த்த பிள்ளைக்கு என் கோபம் எந்தப் பாஷையில் வரும் என்பதுகூடத் தெரியாது. தெரியாமல் வளர்த்தவன் நான்.

இரண்டு பாட்டிலையும் பிடுங்கிச் சிங்கில் கவிழ்த்தேன். அப்புறம்தான் அவன் முகம் மாறியது. டேப் ஒட்டியிருக்கிறேனே, நான் என்ன குழந்தையா, எல்லோரும் இப்படித்தான் எடுத்துப்போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று பேசினான். மழையில் நனைந்தால் டேப் உரியும், உரிந்த பிறகு எது எதுவென்று உன் தாத்தாவா வந்து சொல்வார் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

அவன் கத்தவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். எனக்கு உறைக்க வேண்டும் என்று தமிழிலேயே சொன்னான்.

"பெரியப்பா குடிச்சு செத்தாங்க. அம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கு என்னைத் திட்டுறீங்க."

பெரியப்பா குடிச்சுச் செத்தார். எங்கள் குடும்பத்தில் என் அண்ணன் மரியதாஸைப் பற்றி மிச்சம் இருக்கும் ஒரே வாக்கியம் இதுதான். அன்று காலையில்தான் ராயபுரம் கோயிலில் அவனுக்கு வருஷத் திருப்பலி முடிந்து, தங்கை ஜெசி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். இருபத்தைந்தாவது வருஷம். ரோஸ்லினுக்கு அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான். கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டில் ஒரு துர்மரணமாமே என்று அவள் அப்பா விசாரித்தபோது, எடுத்துவைத்தாற்போல அதைத்தான் சொன்னேன்.

கெவினை உட்காரச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

3

என் அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. அண்ணனுக்கு மணலிப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடு ஏற்றும் வேலை. அங்கே சாம்பிள் எடுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்கள் வரும். மூன்று லிட்டர் பிடிக்கும். தரையில் அடித்தாலும் உடையாது, தூக்கினால் கனமே இருக்காது. உபயோகம் முடிந்ததும் எரிக்கப் போடுவார்கள். எரிக்கப் போட்டதை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் அந்தக் கேன் இல்லாத வீடு கிடையாது. மண்ணெண்ணெய் அதில்தான், குடிதண்ணீர் அதில்தான், மோரும் அதில்தான்.

தெருவுக்கு என்று ஒரு முறை இருந்தது. புதிதாக வந்த கேனைக் குழாயடியில் வைப்பார்கள். சோப்புத் தூள் போட்டு மூன்று தண்ணீர் அலசின பிறகுதான் மதில் மேல் ஏறும். கீழே இருந்தால் கழுவாதது, மதில் மேல் இருந்தால் கழுவினது. எழுதி வைக்கவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அண்ணனும் அவன் கம்பெனி தோஸ்துகள் மூன்று பேரும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு நடப்பார்கள். அரிசி, சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் தோளில். இடுப்புத் தண்ணீரில் அக்கரை மணல்திட்டுக்குப் போய், நண்டு பிடித்துக் குழம்பு வைத்துக் குடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். எனக்கு அப்போது பதினெட்டு. சட்டி தூக்க என்னையும் கூட்டிப்போவான். ஒரு சொட்டு தர மாட்டான். படிக்கிற பையன், வாயை மோந்து பார்த்தால் அப்பா என்னைத்தான் கொல்லுவார் என்பான். இன்றைக்கு எனக்குக் கண் தெரிகிறது என்றால், உயிர் இருக்கிறது என்றால், அந்த ஒரு கண்டிப்பினால்தான்.

கழிக்குக் கண்ணாடி கொண்டுபோகக் கூடாது. அங்கே சேற்றில் உட்கார்ந்தபடி நகர்ந்து, வெறும் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். எவனோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டில் சில்லு ஒன்று போதும், ஒரு மாசம் கை வேலைக்கு ஆகாது. அப்படிப் பிடிக்கிறவர்களில் ஒருவர் பவுனம்மாள், எங்களுக்குப் பவுனக்கா. ஒரு காலத்தில் சாராயம் விற்றவர். புருஷன் போன பிறகு, மகளை வைத்துக்கொண்டு அந்தத் தொழில் வேண்டாம் என்று விட்டுவிட்டுக் கழியில் இறங்கினார். எட்டு வருஷமாக இறால்தான். அவர் வலது உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. கழிக்குள் இறங்குகிற ஒவ்வொரு கும்பலையும் நிறுத்தி, பையைத் திறந்து காட்டச் சொல்லுவார்.

அந்த ஞாயிறு அண்ணன் ஒயின் ஷாப்பில் மூன்று ஆஃப் பிராந்தி வாங்கி வந்தான். கேனில் மாத்துடா என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனான். மதில் மேல் ஒரு கேன் நின்றது. எடுத்தேன். அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத் தெளிவாக ஏதோ கிடந்தது. அலசின தண்ணீர், கவிழ்க்க மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எப்படியும் பிராந்தியில் தண்ணீர் கலக்கத்தானே போகிறார்கள், கிடக்கட்டும் என்று மேலேயே மூன்று பாட்டிலையும் ஊற்றினேன். மூடியைத் திருகினேன்.

அது கழுவின கேன் இல்லை. முந்தின நாள் அண்ணன் கொண்டுவந்தது. குழாயடியில் குழந்தைகள் விளையாடுகின்றன, எடுத்து வாயில் வைத்துவிடப் போகின்றன என்று மதில் மேல் தூக்கி வைத்திருக்கிறான். யாருக்கும் ஆபத்து வரக் கூடாது என்று வைத்தான்.

கழியில் இறங்கும்போது பவுனக்கா நிறுத்தினார். பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் கேனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

"கேனுக்கா. கண்ணாடி ஒண்ணியும் இல்ல."

சரி போ என்று கை காட்டினார். அவ்வளவுதான் அன்றைக்கு அவருக்கும் எங்களுக்கும் நடந்தது. மறுநாள் முழுக்க அண்ணன் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கிடந்தான். அதற்கு மறுநாள் காலையில் ஏன் லைட்டைப் போடவில்லை என்று கேட்டான். வெயில் ஜன்னல் வழியே அவன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்தான். மற்ற மூன்று பேரும் பிழைத்தார்கள், ஒருவருக்குக் கண் பாதிதான் திரும்பியது.

4

ரத்தத்தில் மெத்தனால் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். மெத்தனால் என்றால் கள்ளச்சாராயம். கள்ளச்சாராயம் என்றால் விற்றவர் வேண்டும். போலீஸின் பழைய லிஸ்டில் பவுனக்கா பெயர் இருந்தது. அன்றைக்கு அவர் கழியில் இருந்ததையும் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். வேறென்ன வேண்டும்? ஈரப் புடவையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அவங்க கேன்ல எடுத்துகினு வந்தாங்க என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். சாராயம் விற்றவள் பேச்சை எவன் கேட்பான்?

எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. அண்ணன் கண்ணை மூடின அன்றே எனக்கு அந்தக் கேன் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். அப்புறம் வாயைத் திறக்காதே என்றார். கம்பெனி கேன் என்று சொன்னால் செத்தவன் மேல் திருட்டுக் கேஸ் போடுவார்கள், ஊற்றினவன் என்று உன்னையும் உள்ளே வைப்பார்கள், எனக்கு இருப்பது இனி நீ ஒருத்தன்தான் என்றார். கான்ட்ராக்டரும் வந்து, வெளியில் போகிற கேனுக்கு நாங்கள் பொறுப்பு இல்லை என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். மாலைகூடக் கொண்டுவரவில்லை அந்த ஆள். பிழைத்த மூன்று பேரும் அதே கம்பெனி ஆட்கள், வேலை போய்விடும் என்று அவர்களும் பிராந்தியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பவுனக்கா எட்டு மாதம் உள்ளே இருந்தார். கேஸ் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் நடந்தது. வாய்தா வாய்தாவாக அலைந்தார். அவர் மகள் ஒன்பதாம் வகுப்போடு நின்று இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனாள். என்னோடு காலையில் அதே பஸ்ஸில் ஏறுவாள், நான் பாலிடெக்னிக் போக, அவள் ஷெட்டுக்குப் போக. கடைசியில் சாட்சி இல்லை என்று கேஸ் தள்ளுபடி ஆனது. அதை யாரும் பேப்பரில் போடவில்லை. ஊருக்கு அவர் இன்றைக்கும் தாஸைக் கொன்ற சாராயக்காரிதான்.

கனடாவுக்கு விண்ணப்பம் போட்டபோது, இந்த ஆள் மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். அவரைக் கொண்டுபோன அதே ஸ்டேஷனில்தான் விசாரணை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வெளிநாட்டுக்குப் போனால் எங்களை மறந்துவிடாதீர்கள் சார் என்று சிரித்தார்கள். நன்னடத்தை என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இந்த நாட்டில் என் வீடு, வேலை, பிள்ளையின் படிப்பு எல்லாம் அந்த முத்திரைக்குப் பின்னால் வந்தவை. இத்தனை வருஷமும் கம்பெனிக்காரனைத் திட்டினேன், போலீஸைத் திட்டினேன், செத்துப்போன அப்பாவைக்கூடத் திட்டினேன். திட்டின நேரத்தில் பாதியை ஒரு போன் பண்ணச் செலவழித்திருக்கலாம்.

5

கெவின் கடைசிவரை கேட்டான். அவனுக்குத் தமிழ் எங்கே புரியவில்லை, எங்கே புரிந்தது என்று எனக்குத் தெரியாது. முடித்ததும் கொஞ்ச நேரம் டின்னில் இருந்த மண்டை ஓட்டைப் பார்த்தான். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே என்று ஆறுதல் சொல்லுவான் என எதிர்பார்த்தேன். இங்கே பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசத்தான் சொல்லித் தருகிறார்கள்.

"அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்றான்.

ஊரில்தான் இருப்பார் என்றேன். உண்மையை நீங்கள் சொன்னபோது அந்த அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டான். சொல்லவில்லை என்றேன். நான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்து, இன்னொரு முறை ஆங்கிலத்தில் கேட்டான். அதே பதிலை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். என் மேல் பிள்ளைக்கு இருந்த மரியாதை அந்தப் படிகளில் ஏறிப்போனது எனக்குத் தெரிந்தது. 

மறுநாள் அவன் மலைக்குக் கிளம்பினான். ஸ்பிரிட்டைச் சிவப்புப் பூச்சு அடித்த கனமான டின்னிலேயே புதிதாக வாங்கி வைத்திருந்தான்.  அவன் கார் திரும்பினதும் ஜெசிக்குப் போன் போட்டுப் பவுனக்கா நம்பர் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, ஊர் சொன்னதை அவள் நம்பினதே இல்லையாம், வாரம் இரண்டு நாள் அவரிடம்தான் இறால் வாங்குகிறாளாம்.

இங்கே சாயங்காலம் ஏழு, அங்கே காலை ஆறரை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். தாஸ் தம்பி சேவியர் என்றதும், கனடாவுல கீறியாமே, ஜெசி சொல்லிச்சி, வூட்ல எல்லாம் சௌக்கியமா என்று கேட்டார்.  நலம் விசாரிக்க விட்டால் அப்புறம் சொல்லவே மாட்டேன் என்று பயந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். மதில், கேன், அடியில் கிடந்தது, நான் ஊற்றியது, அப்பா சொன்னது, நான் பேசாமல் இருந்தது.

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இத்த சொல்லத்தான் போன் போட்டியா?" என்றார்.

ஆமாம் என்றேன். மன்னிச்சிடுங்கக்கா என்று அழ ஆரம்பித்தேன். அவர் அதட்டினார்.

"அழுவாத. எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே நைனா, கேன கண்ணால பாத்தவ நான். தெரிஞ்சவகிட்ட வந்து சொல்றதுல இன்னா கீது? ஊரு முச்சூடும் தெரியாதவங்க கீறாங்க, அவங்ககிட்ட சொல்லு. உம்பேரப் போட்டு சொல்லு. எம்பேரையும் போட்டு சொல்லு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வியாபாரத்துக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

6

வழக்கமாக இந்தப் பக்கங்களில் பனியைப் பற்றியும் வரியைப் பற்றியும் பிள்ளைகள் தமிழ் மறப்பதைப் பற்றியும் எழுதுவேன். நீங்களும் படித்துவிட்டு, பாவம் எவ்வளவு கஷ்டம் என்று கடிதம் போடுவீர்கள். இந்த முறை அப்படி யாரும் எழுத வேண்டாம். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, இருந்ததும் இல்லை. பட்டவர் வேறு ஆள். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஜெசி படித்துக் காட்டுவாள். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இதைப் படிக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள்.

என் பெயர் சேவியர். இறந்துபோன மரியதாஸின் தம்பி. அன்று பிராந்தி வாங்கியது லைசென்ஸ் உள்ள கடையில். கேன், கம்பெனியிலிருந்து வந்தது. அதற்குள் கிடந்ததை முகர்ந்து பார்க்காமல் மேலே ஊற்றியவன் நான். இது தெரிந்தும் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் தெருவிலும் இருபத்தைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்.

பவுனம்மாள் எங்களுக்குச் சாராயம் விற்கவில்லை.